கோணி வாசம்

— கைய தூக்காதம்மா பவுலினு. பாரு, மறுபடியும் செவுத்தோட ஒட்டிக்கினு நடுங்குது.

— தூக்கல மாமா. தரையிலதான் வெச்சிருக்கறன். புறங்கைய மட்டும் காட்டறன்.

— ரைஸ் மில்லுல நாளெல்லாம் நின்னுட்டு வந்து, ஒரு வாய் காபி கூட குடிக்காம, நாய் முன்னாடி கைய நீட்டிக்கினு குந்தியிருக்கிற. உனுக்கு இன்னா தலையெழுத்து?

— மாட்டாஸ்பத்திரி சந்தியா டாக்டரம்மா இப்பிடித்தான் சொன்னாங்க. மூஞ்சிய நேரா பாக்கக் கூடாது, பக்கவாட்டுல உக்காரணும். மொதல்ல கைய மோந்து பாக்க வுடணும். அப்பறம் தோள்பட்டையில வெரல் நுனியால சின்னச் சின்னதா வட்டம். அழுத்தக் கூடாது, தோலு மட்டும் நவுரணும். அது கொட்டாவி வுட்டா நிறுத்திட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடியும்.

— எனக்கு வாதம் வந்தப்ப கைக்கு பயிற்சி குடுக்க ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு பையன் வந்தானே, அவனும் இப்பிடித்தான் வட்டம் வட்டமா தடவினான். இன்னா ஆச்சு? செத்த கை செத்த கைதான்.

— ரெண்டாவது வாட்டி அவர வூட்டுக்குள்ளயே வுடல நீங்க. நான் தேச்சி வுடறன்னாலும் வாணாங்கறீங்க.

— அடுப்புல வெச்சி சுட்டுக்கினன். கொப்புளம் வந்தத கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சிக்கினன். நெருப்பே தெரியாத கைக்கு தைலம் எதுக்கும்மா?

— சரி வுடுங்க. உங்ககிட்ட பேச எனக்கு தெம்பு இல்ல. நாளிக்கி டாக்டரம்மா வெறிநாய் ஊசி போட வராங்க. யாராச்சும் ஒருத்தர் இவன புடிச்சிக்கணும். எங்கையில அடங்கலன்னா இன்னா ஆவும்னு தெரியும்ல?

— எதிர் வூட்டு பொன்னுரங்கம் சொன்னத சொல்ற.

— தெருவுல நின்னு உங்க பேர சொல்லியே கத்திட்டாரு. சிங்கராயர் வூட்டு நாயிக்கு நாளிக்கி ஊசி போட்டாவணும், இல்லன்னா ஆள வுட்டு அடிச்சிப் போட்டுடுவன்னு. அவரு பேத்திய பாத்து சீறிட்டான் இல்ல, பயந்துட்டாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியல.

— நான் அன்னிக்கே சொன்னன். வெள்ளிமல ரோட்டுல எவனோ கோணியில கட்டி வீசிட்டுப் போறான். நீ ஏன் போயி அவுத்த?

— கோணி ஆடிச்சி மாமா. பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருக்கறன், பள்ளத்துல கெடக்கற மூட்ட ஆடுது. அவுத்தா, காலயும் வாயயும் கட்டி வெச்சிருக்கானுவ. எப்பிடி பாத்துட்டு பஸ் ஏற்றது?

— பிரிட்டோ இன்னா சொல்றான்?

— உங்க புள்ளயா? அப்பாவ பாக்கறதே உனுக்கு ஜாஸ்தி, இதுல நாய் வேறயான்னாரு. ஓசூர்ல குந்திக்கினு சொல்றது சுளுவு.

— அவன் சொல்றதுல தப்பு இல்ல. ரெண்டு நோயாளி, ஒத்த பொம்பள.

— மெதுவா பேசுங்க. வரான்… வரான் மாமா. டேய் தம்பி, வாடா… ஐயோ.

— போச்சா?

— கைய மோந்தான், துள்ளி ஓடி பீரோ சந்துல பூந்துக்கினான். நான் இன்னாதான் மாமா தப்பு பண்றன்? ஒரு அடி அடிச்சனா, ஒரு அதட்டல் போட்டனா? சோறு போடறது நானு. எங்கைய பாத்துத்தான் ஜாஸ்தி பயப்படறான். வுட்டுப் போச்சு எனக்கு. அழுவையா வருது.

— அழுவாத. இந்த வூட்ல அழுவறதுக்கு நான் ஒருத்தன் போதும். ஒன்னு கேக்கறன். அது ராத்திரி எங்க படுக்குது?

— வாசப்படி கிட்டதான். கோணி போட்டு வெச்சிருக்கறன் இல்ல, அதுல.

— அதான் இல்ல. எனக்கு ஏது தூக்கம்? பாத்துக்கினேதான் கெடக்கறன். கோணி மேல காலே வெக்கறது இல்ல. சுத்திக்கினு போயி வெறும் சிமெண்டு தரையில சுருண்டுக்குது.

— குளுராம இருக்கட்டும்னு மில்லுல கேட்டு வாங்கியாந்தன். நல்ல கோணி.

— நல்ல கோணிதான். நாய்க்கு படுக்க கோணி போடறது நம்மூரு பழக்கம், யோசிக்காம நீயும் போட்டுட்ட. அத்த கட்டி வீசினது எதுல?

— கோணியில. மாமா, எங்கைய மோந்து பாருங்களேன்.

— எங்கிட்ட எதுக்கு நீட்டற? உம்… கோணி.

— காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கோணி வாய தெச்சிக்கினு இருக்கறன். சோப்பு போட்டாலும் போவறதில்ல. கட்டினவன்தான் மறுபடியும் வரான்னு நெனச்சிருக்கான் பாவம். நான் இன்னாடான்னா அன்பா தடவறன்னு கிட்ட கிட்ட போயிக்கினு இருந்திருக்கறன்.

— தெரியாம பண்ணது. வுடு. அந்தக் கோணிய எடுத்து வெளிய கடாசு. பெட்டியில என் பழைய வேட்டி இருக்குது பாரு, பூசைக்கி கட்டிக்கினு போவனே, அத்த போடு.

— கோணிய கடாசிடலாம். இந்தக் கைய எங்க போயி கடாசறது? நாளிக்கிக்குள்ள வேற கைக்கு எங்க போவன்? … மாமா, உங்க கைய குடுங்க.

— இந்தா.

— இது வாணாம். இந்தக் கையாலதான் மொத நாளே தடிய ஓங்கினீங்க. அவன் மறக்கல. அந்தக் கைய.

— செத்த கையவா? வெளையாடறியா?

— அவனுக்கு கையின்னா புடிக்கறது, கட்டறது. உங்க கை புடிக்கவும் புடிக்காது, கட்டவும் கட்டாது. கோணி வாசமும் கெடையாது. இருங்க, நான் தொட்டா என் வாசம் ஒட்டிக்கும், பெட்டியிலேர்ந்து வேட்டிய நீங்களே எடுத்து விரிச்சி, கைய தூக்கி அது மேல வெச்சிக்கங்க. ஆங். அப்பிடியே தளர வுடுங்க.

— இது தானா நவுராதே. வட்டம் எப்பிடி போடறது?

— தோள லேசா ஆட்டுங்க, கை தானா கூட போவும். கண்ண மூடிக்கங்க.

— கண்ண எதுக்கு?

— நீங்க மொறச்சா மனுசனே கிட்ட வர மாட்டான். நான் அடுப்பு கிட்ட போயிடறன். இங்கேர்ந்தே பாத்து சொல்றன். நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது.

— மூடிட்டன். … இன்னா பண்ணுது?

— பீரோ சந்துலேர்ந்து தலைய நீட்டறான்.

— காலு இழுத்துக்குதும்மா.

— பொறுங்க மாமா, உங்களுக்குப் புண்ணியமா போவும். … வேட்டி மேல காலு வெச்சிட்டான். மாதாவே.

— மூச்சு வாங்கற சத்தம் கேக்குது.

— பக்கத்துல படுத்துட்டான். தோளு உங்க கையில சாஞ்சிக்கினு இருக்குது. இப்ப ஆட்டுங்க, துளி. ஒரு நெல்லு நவுர்ற அளவுக்கு.

— போவுதா? எனக்கு ஒன்னும் தெரியல.

— போவுது, போவுது. … கொட்டாவி வுட்டான். நிறுத்துங்க. உம், இப்ப மறுபடியும்.

— நாளிக்கி இப்பிடியே கெடந்தா டாக்டரம்மா ஊசி போட்டுடுவாங்களா?

— போட்டுடுவாங்க. பொன்னுரங்கத்த கூப்ட்டு பக்கத்துல நிக்க வெச்சே போட சொல்றன்.

— அப்பாடா. இத்தினி மாசம் கழிச்சி செத்த கைக்கு ஒரு வேலய குடுத்துட்ட.

— பேசாதீங்க, திரும்பிப் படுக்கறான். எனக்கு இங்கேர்ந்து முதுகுதான் தெரியுது. தலைய கீழ போட்டு இன்னாத்தையோ பண்றான்.

— இன்னா பண்றான்? என் சுண்டு வெரல நக்கிக்கினு இருக்கறான்.

— மாமா… கண்ண தொறந்துட்டீங்களா?

— நீதானம்மா மூடிக்கினே இருக்க சொன்ன.