பச்சைப் பொட்டலத்தின் தேதி

சோதனைக் கருவியின் மேல் தின்பண்டப் பொட்டலம் ஒன்று வைப்பது தைவானில் எங்கள் சின்ச்சு நகர ஆய்வுக்கூடங்களின் வழக்கம். தேங்காய்ச் சுவை, பச்சை உறை, காலாவதித் தேதி தாண்டியிருக்கக் கூடாது. வைத்தால் கருவி சொன்ன பேச்சைக் கேட்குமாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஐயா. ஆனால் நம்புகிறவர்கள் முதலில் எங்கே பார்ப்பார்கள் என்று தெரியும்.

அந்த ஆண்டு அடுத்த தலைமுறைக் கைபேசிக்கு இரண்டு தரமுறைகள் மோதின. எங்கள் நிறுவனம் ஒன்றை நம்பி சிப் செய்தது; கொரியாக்காரர்கள் மற்றதை நம்பினார்கள். காய்கறிக் கூடையோடு பங்குத் தரகர் கடைக்கு வரும் பெண்கள்கூட எங்கள் பங்கை வாங்கினார்கள். எங்கள் தரமுறை தோற்கும் என்பது என் கணிப்பு. பங்கு விழும் என்று பந்தயம் கட்டினேன். அது ஏறிக்கொண்டே போனது, என் நஷ்டமும். சாப்பிடும்போதும் நிமிடத்துக்கொரு முறை விலையைப் பார்த்தேன்.

ஓடும் ரயிலில் பேசுகிறவரின் கைபேசி ஒரு கோபுரத்தை விட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். அதைச் சோதிக்க ரயில் தேவையில்லை. ஒவ்வொரு கோபுரத்துக்கும் பதிலாகக் கருவியில் ஒரு கம்பி. ஒன்றில் அலையைக் குறைத்து மற்றதில் கூட்டினால் போதும். கம்பி முனையின் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினால் முதலில் எல்லாம் சரியாக இருக்கும். சூடேறியதும் தொடர்பு அறும். அழகான விஷயம். தளர்த்தினேன். பொட்டலத்தையும் மாற்றினேன்.

வாடிக்கையாளர்கள் முன்னிலையில் நடந்த சோதனையில் தொடர்பு பதினேழு முறை அறுந்தது. கருவிக்குப் பொறுப்பான லோ ஷூஃபென் கம்பிகளைப் பார்க்கக் குனிந்தாள். அதற்குள் மேலாளர் பொட்டலத்தைத் திருப்பிவிட்டார்.

"மூணு மாசம் தாண்டியிருக்கு. இதையே பாக்காதவ வேற எதம்மா பாத்திருப்ப?"

"மெஷினுக்குப் பசிச்சிருக்கும்க்கா, அதான் படுத்துருச்சு," என்றான் ஒருவன். சிரித்தார்கள். அவள் தேடுவதை நிறுத்தினாள்.

என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, போன வாரந்தானே புதுசு வச்சேன். நீங்க பாத்தீங்கல்ல?"

"ஞாபகம் இல்லம்மா."

மதியத்துக்குள் செய்தி கசிந்து, பங்கு ஒரு நாளில் விழ அனுமதியுள்ள கீழ்வரம்பில் போய் நின்றது. மாலையில் திருகை இறுக்கிவிட்டேன். மறுநாள் அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். மகளின் சொல்லை நம்பி அவள் அம்மாவும் அந்தப் பங்கை வாங்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பத்தாம் நாள் ஷூஃபென் விடுதி மாடியிலிருந்து குதித்தாள்.

இரண்டு ஆண்டில் எங்கள் தரமுறை உலகெங்கும் தோற்றது. பொறுத்திருந்தால் அவளே பார்த்திருப்பாள், என் கணிப்பு சரி என்று. அவளுக்கு நான் கெடுதல் நினைத்ததில்லை, ஐயா. வருடந்தோறும் முன்னோர் கல்லறை துடைக்கும் நாளில் அவளுக்கும் ஒரு பச்சைப் பொட்டலம் வைக்கிறேன். தேதி பார்த்துத்தான் வாங்குகிறேன்.