ஏத்தத்தில் நின்ற வண்டி

– பொறு, பானெட்டைத் தூக்கறதுக்கு முன்னால யார் யார் இங்க இருக்கோம்னு சொல்லிடறேன். நாளைக்கு எவனும் கூட்டிக் குறைச்சுப் பேசக் கூடாது. வண்டிக்குச் சொந்தக்காரன் அரங்கநாதன், நான். என் மருமகளைப் பெத்தவரு, சம்பந்தி அய்யாக்கண்ணு. அம்பாசிடருக்கு வேற எஞ்சின் மாத்திக் குடுத்த மெக்கானிக் உத்திராபதி, நீ. வேற ஆள் இல்ல.

– பட்டறைக் கதவுக்கு வெளிய பாதி அரியலூர் நிக்குதுங்களே ஐயா. அவங்க கணக்குல இல்லீங்களா?

– அளந்து பேசு.

– என்னத்த அளக்கறதுங்க? அன்னையிலேருந்து ஒத்த வண்டி என் பட்டறைக்கு வரல. எமன் எஞ்சின் மாட்டுறவன்னு பேரு வச்சிட்டானுவ.

– வைக்காம? என் பொண்ணு சிந்தாமணி வலியில துடிக்கிறா. கங்கைகொண்ட சோழபுரத்துலேருந்து திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கெளம்புன வண்டி, ஏத்தத்துல மாட்டு வண்டியக்கூடத் தாண்ட முடியாம பின்னால ஊந்து, நின்னே போச்சு. புள்ள ரோட்டுலயே பொறந்து, அழாமலே போச்சு. சரி, போகட்டும். யாரால போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும் சம்பந்தி.

– அதுக்குத்தான் உங்களக் கூட்டியாந்தேன். எங்க வூட்டு மேல குத்தம் இல்லன்னு கண்ணால பாத்துட்டு, கூட்டிக்கிட்டுப் போன பொண்ணத் திருப்பி அனுப்பி வைங்க.

– பாக்கறேன். பாத்துட்டுத்தான் அனுப்புவேன்.

– ஐயா, அன்னைக்குப் புகை என்ன நெறம்?

– கரி. என் மகன் செல்லப்பன் மிதிக்க மிதிக்கப் புகைதான் வந்துச்சு, வேகம் வரல.

– அப்ப டீசல் போயிருக்கு, காத்து போகல. இது சுரங்கத்து ஏலத்துல எடுத்த சப்பான் ஜீப் எஞ்சின். டர்போன்னு ஒண்ணு இருக்கு இதுல. வெளிய போற புகையில சுத்தி, காத்த இழுத்து எஞ்சினுக்குள்ள திணிக்கும். அந்தத் திணிப்புதாங்க இதுக்கு பலம்.

– ஓட்டை டர்போவ மாட்டிட்டேன்னு சொல்லித் தொலையேன்.

– ஓட்டையான்னு பாக்கத்தானேய்யா தொறக்குறேன். ஓஸ் குழாய் நல்லாருக்கு. கிளாம்பு நான் முறுக்குன மாதிரியே இருக்கு. விசிறி சிக்காம சுத்துது, தொட்டுப் பாருங்க. காத்து உறிஞ்சுற வாயி... அட, என்னங்க இது?

– என்னது?

– துணி. இழுக்க இழுக்க வருது. நல்லாத் திணிச்சு, மேல சணலு வேற.

– பாத்தீங்களா சம்பந்தி! எவனோ வேணும்னே பண்ணிருக்கான். என் பொண்ணு வயித்துல அடிச்ச பாவி கை எவனோடதோ!

– பாவி கை இல்ல. வச்சது நான்தான்.

– நீங்களா?

– ஏன் அப்படிப் பாக்குறீங்க? வேகமெடுத்தா அந்த வண்டி சீட்டி அடிச்சுது. மொத நாளே, குழாயடியில நின்ன பொண்டுவ முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டுத் திரும்பிப் பாக்குதுவ. கலியம்மா புருசன் என் வாசல்ல வந்து, 'உங்க வூட்டுல எவன் என் பொண்டாட்டியப் பாத்து சீட்டி அடிக்கிறது'ன்னு கேக்குறான். எங்க பரம்பரையில ஒருத்தனையும் ஒருத்தன் அப்படிக் கேட்டதில்ல. அன்னைக்கே வேட்டியக் கிழிச்சு அடைச்சேன். சத்தம் நின்னுச்சு, மரியாதையா தெருவுல மெதுவாப் போனோம். அதுக்கும் இதுக்கும் என்ன?

– அந்தச் சீட்டிதாங்க ஐயா டர்போ. காத்த இழுக்கற சத்தம் அது.

– புரியற மாதிரி சொல்லு.

– நான் சொல்ல மாட்டேங்க. துணிய எடுத்தாச்சு, ஏறி உக்காந்து நீங்களே மிதிங்க.

– ...என்னடா இப்படித் துள்ளுது?

– பின்னால புகை வருதான்னு சம்பந்தியப் பாக்கச் சொல்லுங்க.

– இல்ல. துளிகூட இல்ல.

– போதும். நிறுத்திட்டேன்.

– ஏன்டா சத்தம் வருதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாங்க.

– என் வாசல்ல வந்து ஒருத்தன் அப்படிக் கேட்டான்னு பட்டறையில வந்து சொல்லுவனா நான்?

– மாட்டீங்க.

– சம்பந்தி, அந்தத் துணிய இப்படிக் குடுங்க. அடுப்புல போட்டுடலாம். நாளைக்கு என் பொண்ணு உங்களுக்குச் சோறு போட வேண்டியவ. மாமனார் கையாலதான்னு தெரிஞ்சா அவ கை எப்படி நீளும்? பழி ஏற்கெனவே இவன் தலையில கெடக்கு. கெடந்துட்டுப் போகட்டும். தா.பழூர்ப் பக்கம் போயி பட்டறை போடட்டும்.

– நான் இங்கதாங்க நிக்கிறேன்.

– உன்னைக் கேக்கல.

– என்னைக் கேட்டு எதுதாங்க நடந்துச்சு?

– ரெண்டு பேரும் வாய மூடுங்க. உத்திராபதி, கதவத் தொற.

– சம்பந்தி, யோசிச்சு...

– தொறடா. உள்ள வாங்கய்யா எல்லாரும். உத்திராபதி மாட்டுன எஞ்சின்தான் என் பேரனைக் கொன்னுச்சுன்னு ஊர்ல பேசுறீங்க. தப்பு. எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல. துணிய வச்சு அடைச்சது நான்.