அரைச் சுற்று

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கார்புரேட்டரில் கை வைக்கக் கூடாது. அவசரக்காரர்கள் செய்கிற முதல் தப்பு அதுதான். கால் மணி நேரமாவது ஓடவிட வேண்டும். நான் வேலை பார்க்கிற பழைய கார்களில் எஞ்சின் பின்பக்கம் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஒரு காற்றாடி ஊதி ஊதித்தான் அதைக் குளிர வைக்கிறது. அது நன்றாகச் சூடேறி, குளிரில் காற்றை மறிக்கிற சோக் முழுசாகத் திறந்த பிறகு, பெட்ரோலும் காற்றும் கலக்கிற அளவை வைக்கும் கலவை ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருக வேண்டும். அது அடியில் போய் உட்கார்ந்ததும் இரண்டரைச் சுற்று வெளியே எடுக்க வேண்டும். அதற்கு மேல் காதுதான் கணக்கு. எஞ்சின் நிம்மதியாக ஓடுகிற இடம் ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் பெட்ரோல் கூடிவிடும், அதற்கு முன்னால் நின்றால் காற்று கூடிவிடும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டால் ஆறு மாதத்துக்கு மூடியைத் திறக்க வேண்டாம்.

வாக்குமூலத்தில் இதெல்லாம் எதற்கு என்று உங்கள் எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் ஐயா. இது தெரியாமல் மற்றது புரியாது.

எனக்கு இந்த வேலையில் முப்பத்தோரு வருடம். தொழிலில் என்னை 'அரைச்சுற்று' என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் நாள் முழுக்கக் கழற்றிப் போட்டும் பிடிபடாததை நான் அரைச் சுற்றில் சரிசெய்வேன் என்பதால் வந்த பெயர். என் மனைவி மட்டும், "அரைச்சுற்றா, அரைக்கிறுக்கா?" என்று கேட்பாள். கேலி பேசத் தெரிந்தவள். அவள் அக்கா அவளுக்கு மேல். "மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகலன்னு இவ கழுத்த நீட்டிட்டா," என்று கல்யாணத்தன்றே எல்லோர் முன்னாலும் சொன்னவர்.

அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அவள் ஓட்டிய கார் என் மாமனாருடையது. வெளிர் பச்சை. அவர்தான் மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் போன பிறகு அதை வேறு யாரும் தொட அவள் விடவில்லை, என்னைத் தவிர.

அவள் பிரசவம் பார்க்கிற நர்ஸ். பாலத்துக்கு அந்தப் பக்கம் கல்குவாரிக் குடியிருப்புகள், மரம் அறுக்கிற இடங்கள், எல்லாம் அவள் பொறுப்பு. போன் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்திருந்தாலும் சரிதான். திரும்பி வரும்போது உடம்பு மட்டும் வீட்டுக்குள் வரும், கண் அங்கேயே இருக்கும். "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "பையன், மூணு கிலோ," என்பாள். அவ்வளவுதான். நான் குறை சொல்லவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. அவளுக்கு ஊர் முழுக்கக் குழந்தைகள் இருந்தார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், எனக்குக் காய்ச்சல். அந்த அசதியில் குளிர்ந்த எஞ்சினிலேயே அவள் காரின் ஸ்க்ரூவைத் திருகி வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் தெரியாமல் செய்த தப்பு அது ஒன்றுதான். மறுநாள் பாலத்து முனையில் வண்டி நின்றுவிட்டது. கூப்பிட்டாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், என்னைப் பார்த்ததும் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"வந்துட்டீங்களா," என்றாள்.

ஐயா, அவள் ஒரு வீட்டு வாசலில் நுழைந்தால் உள்ளே இருக்கிறவர்கள் அவளை எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விடுவார்கள். அன்று அவள் என்னை அப்படிப் பார்த்தாள். மாலையில் வீட்டுக்கு வந்து, போன வீட்டைப் பற்றி, அந்த மாமியார் பேசிய பேச்சைப் பற்றி, சிரித்துச் சிரித்துச் சொன்னாள். சாப்பிட்டு முடித்தும் கை காயும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

ஸ்க்ரூவை அன்றே சரிசெய்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து மறுபடி உள்ளே திருப்பினேன். பெரிதாக ஒன்றுமில்லை. அரைச் சுற்று.

வீட்டில் கிளப்பும்போது ஒன்றும் தெரியாது. குளிர்ந்த எஞ்சினுக்கு சோக் கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்து, குறையை மூடி மறைத்துவிடும். ஓடும்போதும் தெரியாது. மூன்று கிலோமீட்டரில் எஞ்சின் சூடாகி சோக் திறந்துகொள்ளும். அங்கேதான் பாலம். ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். எதிரில் ஏதாவது வந்தால் நின்றுதான் ஆக வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் அணைந்துவிடும். அங்கே போக எனக்கு ஏழு நிமிடம். எங்கோ தொலைவில் திக்கற்று நிற்கும்படி அவளை நான் ஒருநாளும் விட்டதில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மாதத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு. மற்ற நாட்களில் சரியாகத்தான் வைத்திருப்பேன். அடிக்கடி நின்றால் வேறு யாரிடமாவது காட்டலாம் என்று தோன்றும். மறுபடி தானே கிளப்பிவிடக் கூடாது என்பதற்காக, "நின்னுட்டா ஆக்சிலரேட்டர நாலஞ்சு தடவ நல்லா மிதிச்சிட்டு சாவியப் போடு," என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். சூடான எஞ்சினில் அப்படி மிதித்தால் பெட்ரோல் வழிந்து அதற்கு மூச்சு முட்டிவிடும். அவள் ஒவ்வொரு தடவையும் நான் சொன்னபடியே செய்தாள். ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை.

போன வருடம் குவாரிக் குடியிருப்பில் ஒரு பிரசவம். விடிந்தும் விடியாமலும் கிளம்பினாள். பாலத்தில் நின்றது. நான் போய்க் கிளப்பிவிட்டேன், கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவள் போவதற்குள் குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றி எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்து குழாயடியில் நின்று வெகுநேரம் கை கழுவினாள். "பத்து நிமிஷம் முன்னால போயிருந்தா எடுத்திருப்பேங்க," என்றாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். அவள் என்மேல் சாய்ந்து அழுதது அன்றுதான்.

நான் கல் இல்லை ஐயா. அன்றே பட்டறைக்குப் போய், எஞ்சினைச் சூடாக்கி, முறைப்படி வைத்தேன். இனிமேல் தொடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினோரு நாள் தொடவில்லை. அந்தப் பதினோரு நாளும் வண்டி எங்கேயும் நிற்கவில்லை. அவள் என்னை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. "வண்டி பூ மாதிரி ஓடுதுங்க," என்று போகிற போக்கில் சொன்னாள், செருப்பு மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

பன்னிரண்டாவது நாள் மறுபடி திருப்பினேன்.

இப்போது நீங்கள் கேட்ட அந்த நாளுக்கு வருகிறேன். அன்று மத்தியானம் இரண்டு மணி சுமாருக்குக் கூப்பிட்டாள். எப்போதும் போகும்போது நிற்கும், அன்று திரும்பும்போது நின்றிருந்தது. போகும்போது பாலத்தில் எதிரே யாரும் வராததால் நிற்காமலே தாண்டியிருக்கிறாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்திருக்கிறது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்சுக்குச் சொன்னதற்கு, மலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்றார்களாம். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, இவளே அந்தப் பெண்ணைப் பின்சீட்டில் படுக்க வைத்துக் கிளம்பியிருக்கிறாள். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டைத் தாண்டி இன்னும் பதினான்கு கிலோமீட்டர்.

நான் போனபோது என் மனைவி பின்சீட்டில் மண்டியிட்டு, அந்தப் பெண்ணின் வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். கணவன் வெளியே நின்றிருந்தான். குவாரியில் கல் நொறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறவன்.

"என் வீட்டுக்காரர் வந்துட்டார்ப்பா," என்று அவனிடம் சொன்னாள். "பயப்படாத. இனி கிளம்பிடலாம்."

பின்மூடியைத் திறந்தேன். பெட்ரோல் வாசனை முகத்தில் அடித்தது. சொன்னபடி மிதித்திருக்கிறாள். செய்ய வேண்டியது இதுதான்: ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துச் சாவியைத் திருப்பினால் வழிந்த பெட்ரோல் வெளியேறி எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிறகு ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுக்க வேண்டும். இரண்டு நிமிடம்.

ஆனால் அந்த ஆள் வந்து என் தோளருகே நின்றுகொண்டான். இயந்திரத்தோடு பழகியவன். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒரே ஒரு ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினால், "இவ்வளவுதானா?" என்று கேட்டிருப்பான். என் மனைவியும் கேட்டிருப்பாள். நாலு வருடமாக இவ்வளவுதானா என்று.

அதனால் ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். பெட்ரோல் வருகிற சின்னத் துளை, அந்த ஜெட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஊதினேன். அதில் தூசி இல்லை. இருந்தாலும் துடைத்தேன்.

குவாரி லாரி ஒன்று வந்தது. "அண்ணே, லாரியில ஏத்திடலாமா?" என்றான் அவன்.

என் மனைவி தலையை நீட்டினாள். "எவ்வளவு நேரமாகுங்க?"

"அஞ்சு நிமிஷம்," என்றேன்.

"அஞ்சு நிமிஷம்னா வேண்டாம்ப்பா. லாரியில குலுங்கினா இன்னும் மோசமாகும்," என்றாள் அவனிடம். லாரி போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு லாரி. அவன் கையை நீட்டிக்கொண்டு நடு ரோட்டுக்கே போய்விட்டான். "இதோ முடிஞ்சிடுச்சு," என்றேன். அவன் கையை இறக்கினான். டிரைவர் இவன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

இடையிடையே அவள் குரல் வந்துகொண்டே இருந்தது. "என்னங்க, ஆச்சா?" "என்னங்க, கொஞ்சம் சீக்கிரம்." கடைசியில் "என்னங்க" என்று மட்டும் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. நான் ஏர் ஃபில்டரை மாட்டிக்கொண்டிருந்தேன். அதன் கவ்வியை நன்றாக இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிரும். இறுக்கினேன். ஸ்க்ரூவை வெளியே எடுத்தேன். சாவியைப் போட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஓட்டத்தில் ஒரு குறை இல்லை.

என் மனைவி இறங்கி வந்து ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள். முழங்கைவரை ரத்தம்.

"இனி மெதுவாவே போகலாம்," என்றாள்.

இருபத்திரண்டு நிமிடம் என்று உங்கள் காகிதத்தில் போட்டிருக்கிறது. சரிதான். அந்தக் குழந்தை நன்றாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

விசாரணையில் அவள் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். லாரியை அனுப்பியது நான்தான், முடிவு என்னுடையது என்றாள். இடைநீக்கம் முடிவதற்கு முன்பே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டாள். அதன் பிறகு அவள் வெளியே போகவில்லை. பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற ஜன்னலோரமாக உட்கார்ந்திருப்பாள். சமையல் நான்தான். வைத்ததைச் சாப்பிடுவாள், பாதி. தலை வாரிவிட்டால் வாரிக்கொள்வாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். வேறு யாருக்கும் அவள் தேவைப்படவில்லை. எனக்கு அந்த மாதங்கள் நிம்மதியாகத்தான் போயின. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன வாரம் உங்கள் பொறியாளரின் அறிக்கை வந்தது. காரைப் பரிசோதித்தவர் எழுதியிருந்தார்: பராமரிப்பில் கவனக்குறைவு, கார்புரேட்டரைச் சரியாக அமைக்கத் தெரியாத ஒருவர் பலமுறை கை வைத்திருக்கிறார். ஸ்க்ரூவின் தலை தேய்ந்திருப்பதை வைத்துக் கண்டுபிடித்தாராம்.

என் மனைவி அதை இரண்டு முறை படித்தாள். மடித்து வைத்தாள். "உங்களுக்கு இந்த வேலை வராதுன்னு எனக்குத் தெரியாமலே போச்சே," என்றாள். கோபமில்லை. ஒரு பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, இரக்கமாகச் சொன்னாள். அன்று மாலை அக்காவிடம் போனில் பேசுவதையும் கேட்டேன். "அவர் மேல தப்பில்லக்கா. பாவம், அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நான்தான் அவர நம்பிட்டேன்."

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பரிமாறினால் அவள் தட்டைப் பார்க்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அதனால்தான் யாரும் கூப்பிடாமலே வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அந்த வண்டியில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. எந்த ஸ்க்ரூ, எத்தனை சுற்று, எந்த இடத்தில் நிற்கும், எப்படி மிதித்தால் கிளம்பாது, எல்லாம் தெரிந்து, தெளிந்த மனதோடு செய்தேன். ஜெட்டை ஊதிக்கொண்டிருந்தபோது பின்சீட்டில் ஒரு பெண்ணின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்பதும் தெரியும். கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். நான் ஒரு கணமும் கவனக்குறைவாக இருந்ததில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். ஒரு பிரதி என் மனைவிக்கு அனுப்பிவையுங்கள். ஒரு வரி விடாமல் அவள் படிக்க வேண்டும். தன் புருஷனுக்கு வேலை தெரியாது என்ற கவலைதான் இந்த ஒரு வாரமாக அவளை அரித்துக்கொண்டிருக்கிறது. படித்து முடித்தால் அவள் மனசு ஆறிவிடும்.