வெல்வெட் பொட்டியில ஒரு பள்ளம்

...மாத்திக்கலாமான்னு கேக்குறான் நைனா! இன்னா தெனாவட்டு பாரு! என் ரிவால்வர அவனாண்ட குடுத்துட்டு, அவன் ரிவால்வர நான் தூக்கிக்கினு வரணுமாம். பசங்க கோலி மாத்திக்கிற மாதிரி. நீ நல்லா சாஞ்சி குந்து, எடம் கீது. தாலுக்காபீசு பெஞ்சுதான, நம்ம வரிப்பணம். கிளார்க்கு சாப்புடப் போயிக்கிறாரு. பன்னண்டு மணிக்குப் போனாரு. நெல்லு வெதச்சி, நட்டு, அறுத்து, குத்தி, அப்பாலதான் சோறு வடிப்பாரு போலக் கீது.

உன்னுது இன்னா, நாட்டுத் துப்பாக்கியா? பன்னிக்கா? லைசென்சு புதுப்பிக்க வந்தியா... செரி செரி. பன்னி நெல்லத் தின்னா சுடுறதுக்கு சர்க்காரு லைசென்சு குடுக்குது. மிராசுதாரு தின்னா குடுக்கல. சிரிக்காத, அது நான் நோட்டீசுலயே போட்டது. அம்பதாம் வருசம், ஆயிரம் காப்பி. பொன்னேரி பிரஸ்காரன் அடிக்க மாட்டேன்னு அழுதான். துளசிராமன்னா அப்ப பேரச் சொன்னாலே... உனக்குத் தெரியாதா? தெரியாதா! செரி, நீ பன்னியப் பாத்துக்கினு இருந்திருப்ப.

யாரு மாத்திக்கலாம்னு கேட்டதுன்றியா? ஆராவமுதன். திருவள்ளூர்ல பெரிய ஊடு. செத்துப் போன மிராசுதாரு ஸம்பத்குமாரோட புள்ள. அவரு நெலம் சேத்தாரு, இவன் துப்பாக்கி சேக்குறான். ஒண்ணையும் சுட மாட்டான், தொடச்சித் தொடச்சி கண்ணாடி பீரோல வெப்பான். போன வாரம் காரு அனுப்பி என்ன இட்டுக்கினு போனான். "வாங்கோ, ஒக்காருங்கோ, காபி சாப்பிடறேளா?" வாசல்ல நின்னு நான் கோசம் போட்ட ஊடு நைனா அது. அப்ப ஒரு தம்ளரு தண்ணி குடுக்கல. இப்ப வெள்ளித் தம்ளர்ல காபி. குடிச்சேன், குடிக்காம இன்னா? சக்கர கம்மி.

இந்தா, என்னுதப் பாரு. ஏய், பயப்படாத, ரவையே கெடையாது. பியூனு ஏன் அப்டி மொறைக்கிறான்? வெள்ளக்காரன் சாமான். நடுவுல இப்டி மடிச்சா பாக்குவெட்டி மாதிரி வாயத் தொறக்கும். துரு கொஞ்சம் கீது. எனக்கும்தான் கீது. அவன் குடுக்கிறேன்றது அமெரிக்கா சாமான். வெள்ளி கணக்கா பளபளன்னு, யானத் தந்தத்துல கைப்புடி. சுடுறதுக்கு செஞ்சானா, கல்யாணத்துக்குச் செஞ்சானான்னே தெரியல, அவ்ளோ சோக்கு. இத்தக் குடுத்து அத்த வாங்கிக்க எவனாவது யோசிப்பானா? நான் யோசிக்கிறேன். ஏன்னா, "உங்களோடதுல ஹிஸ்டரி இருக்கு"ன்றான் அவன்.

கீது! இல்லன்னு யாரு சொன்னா? நாப்பத்திரண்டுல, கும்மிடிப்பூண்டி ரயிலடில, வெள்ளக்கார இன்ஸ்பெக்டரு இடுப்புலருந்து நான் புடுங்குனது. இந்தா, கைப்புடிக்கு அடியில வளையம் கீதே, இதுல கயிறு கட்டி தோள்ல மாட்டிக்கினு இருந்தான். ஒரு கைல அவன் கழுத்து, ஒரு கைல அறுவா, கயித்த ஒரே இழுப்பு, துப்பாக்கி என் கைல... எத்தினி கையா? யோவ், சண்டையில எவன்யா கைய எண்ணிக்கினு நிப்பான்? முப்பது ஊரு மேடையில சொல்லிக்கிறேன், எவனும் கேக்கல. நீ பன்னிய எண்ணி எண்ணி பழகிட்ட.

ரெண்டு வருசம் முன்னாடி தியாகிங்களுக்கு செப்புப் பட்டயம் குடுத்தாங்களே, எனக்குக் குடுத்தாங்களா? ஜெயிலு சர்டிபிகேட்டு எங்கன்றான். மாட்டிக்கினவன்லாம் தியாகி, மாட்டாம தப்பிச்சவன் பேமானி! அத்த உடு. இப்ப கும்மிடிப்பூண்டி பக்கம் இரும்புக் கம்பெனிங்க வந்துகினு கீதுல்ல, அங்க யூனியன்காரங்க மே தினத்துக்கு என்னத்தான் தலைமைக்குக் கூப்புட்டுக்கிறாங்க. "ஐயா, மறக்காம அத்த எடுத்தாந்துடுங்க"ன்னாங்க. பஸ்சு எத்தினி மணிக்கு, சாப்புடுவேனா மாட்டேனா, ஒண்ணும் கேக்கல. அது வந்தா போதும். நான் வராட்டியும் பரவால்ல போலக் கீது.

அத்தக் குடுத்துட்டா அங்க போயி இன்னாத்தக் காட்றது? அதான் ரெண்டு நாளா பேஜாரு. படிவம் எழுதி வெச்சிக்கினு குந்தினு கீறேன். குடுக்கவும் மனசு வரல, கிழிக்கவும் வரல. மாத்துறதுன்னா சாட்சி கையெழுத்து ஒண்ணு வேணுமாம்... அதான் நைனா, உன்ன வந்தப்பவே பாத்தேன். கையெழுத்து போடுற மூஞ்சி. இந்தா பேனா. கீழ, இங்க. எதுக்கும் போட்டு வெய்யி, குடுக்குறதும் குடுக்காததும் அப்பால.

படிக்கணுமா? எதுக்கு? கிளார்க்கே படிக்க மாட்டாரு. "படித்துப் பார்க்காமல் கைநாட்டு வைக்காதே!" அப்டின்னு அம்பதுல ஒரு நோட்டீசு அடிச்சேன், அது உன் கையில கெடச்சிருக்கும் போலக் கீது. என் தலையெழுத்து. படி, படி.

...ஏன் அங்கியே வெரல வெச்சிக்கினு கீற? ஏழாவது கட்டமா? "ஆயுதம் யாரிடமிருந்து, எவ்வாறு பெறப்பட்டது." ஆமா. ஸம்பத்குமார்னுதான் எழுதிக்கீது. அன்பளிப்பு. ஆமாய்யா, அதே ஸம்பத்குமாருதான். பழைய லைசென்சுல அப்டிதான் கீது, நான் வேற இன்னா எழுத முடியும்? இன்ஸ்பெக்டரு எங்க போனான்னு கேக்குறியா... கேக்கல. வாயத் தொறந்து கேட்டாலாவது ரெண்டு திட்டு திட்டலாம், நீ சும்மா பாக்குற.

கேளு. அம்பத்தொண்ணு, தை மாசம். கடம்பத்தூருக்கு அந்தாண்ட அவரு வயலு. கதிரு சாஞ்சி கெடக்குது. எங்க பங்க ஏத்திக் குடுக்காம அறுவா எடுக்க மாட்டோம்னு ஒம்போது நாளு நின்னோம். நாப்பது குடும்பம். நான் தலைவரு. ஒம்போதாம் நாளு சாயங்காலம் ஸம்பத்குமாரு ஆளு அனுப்பிச்சாரு. அடிக்கத்தான் கூப்புடுறாருன்னு நெனச்சிக்கினு போனேன், அடிச்சா நோட்டீசுக்கு ஆவும்னு. அவரு ஒரு பொட்டியத் தொறந்தாரு. உள்ள நீல வெல்வெட்டு. ஆறு பள்ளம், ஆறு ரிவால்வரு. "துளசிராமா, ஒன் உயிருக்கு ஆபத்துன்னு கேள்விப்பட்டேன். ஒண்ணு எடுத்துக்கோ. லைசென்சுக்கு நான் சொல்றேன்"னாரு.

அவ்ளோதான் நைனா. அறுப்புக்கு ஆளு அனுப்புன்னு சொல்லல. போராட்டத்த உடுன்னு சொல்லல. சொல்லியிருந்தா மூஞ்சில துப்பிட்டு வந்திருப்பேன். அவரு கையாலயே எடுத்து என் உள்ளங்கையில வெச்சாரு. நல்ல கனம். எங்கப்பன அந்த ஊட்டு வாசப்படி ஏற உட்டதில்ல, என்னப் பாத்து துப்பாக்கி வெச்சிக்கிற ஆளுன்றாரு... ஊட்டுக்கு வர்ற வழியெல்லாம் இடுப்பத் தடவிக்கினே வந்தேன்.

மறுநாளு காலைல மேடையேறி "வெற்றி"ன்னேன். "முதற்கட்ட வெற்றி!" கையத் தட்டிட்டு எல்லாரும் அறுக்க எறங்கிட்டாங்க. பழைய பங்குதான், ஒரு படி ஏறல. கெங்கம்மான்னு ஒருத்தி, கைல புள்ளையோட, "வெற்றின்றியே நைனா, எத்தினி மரக்கா?"ன்னா. "வெற்றிய மரக்கால்ல அளக்கக் கூடாதும்மா"ன்னேன். அது நல்லா இருந்துதுன்னு அடுத்த நோட்டீசுல அடிச்சேன் வேற.

அப்பால இடுப்புல இது எப்டி வந்துதுன்னு நாலு பேரு கேப்பாங்கல்ல? அந்த இன்ஸ்பெக்டர நான்தான் பெத்தேன். வளையத்தப் பாத்து கயிறு கட்னேன், கயித்துக்கு ஒரு அறுவா வெச்சேன். ஒவ்வொரு ஊர்லயும் அவன் ஒரு அங்குலம் வளந்தான். இப்ப ஏழடி இருப்பான்.

ஆராவமுதனுக்குத் தெரியுமான்றியா? அந்தப் பொட்டிய என் எதிர்ல தொறந்து வெச்சிட்டுதான் பேசுறான்! அஞ்சு கீது, ஒரு பள்ளம் காலி. இந்த வளையத்துக்குக் கூட வெல்வெட்டுல அச்சு கீது நைனா. அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. அப்பன மாதிரியே. இந்தா, தங்க விளிம்பு போட்ட அட்ட ஒண்ணு குடுத்தான், பீரோல பக்கத்துல வெக்கிறதுக்காம். "ஹிஸ்டரி என்னன்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்கோ, நான் ஒரு எழுத்து மாத்த மாட்டேன்"னான். மாத்த மாட்டான். இன்ஸ்பெக்டர எழுதிக் குடுத்தா அப்டியே வெப்பான். வர்றவன் போறவன்லாம் படிச்சிட்டு என்னப் புகழுவான், அவன் மட்டும் காபி குடிச்சிக்கினே கேட்டுக்கினு இருப்பான். ரிவால்வர மாத்திக்காம நானே தூக்கிக்கினு போனா, மே தினத்துல அந்த இரும்புக் கம்பெனி ஆளுங்க முன்னாடி நின்னு மறுபடியும் ஏழடி ஆளோட கழுத்தப் புடிக்கணும். அவங்களும் பங்கு கேட்டுதான் நிக்கிறாங்க நைனா. பதினோரு நாளா.

அமெரிக்கா சாமானுல ஒண்ணு நல்லது. அதுக்குக் கதையே கெடையாது. எவனாவது கேட்டா "மாத்திக்கினேன்"னு சொல்லிட்டுப் போலாம்.

பேனாவக் குடு. படிவத்த நீ வெச்சிக்க, இரு, மொதல்ல இந்த அட்டய எழுதிடறேன். பேசாத. பேசலயா, செரி. "உங்கள் தகப்பனார் கொடுத்தார்... நான் வாங்கிக்கொண்டேன்... நாற்பது குடும்பத்திடம் வெற்றி என்று சொன்னேன். இப்படிக்கு, துளசிராமன்." தோழர்களேன்னு ஆரம்பிக்கல, கடைசில வெல்கன்னு போடல. இவ்ளோ சின்ன நோட்டீசு நான் எழுதுனதே இல்ல. இந்தா நைனா, தப்பு கிப்பு கீதான்னு ஒரு தபா படிச்சி...

நைனா?

படிவம் மட்டும் கெடக்குது. உன் நாட்டுத் துப்பாக்கியக் காணம், ஆளக் காணம். கையெழுத்தும் போடல. எப்பய்யா எழுந்து போன? பொய்ய முப்பது ஊர்ல சொன்னேன், ஒருத்தன் எழுந்து போவல, மழையில கூட குந்தினு இருந்தானுங்க... ஒரே ஒரு அட்ட, மூணு வரி.

யோவ் பியூனு! இப்டி வாய்யா. ஒனக்குப் படிக்கத் தெரியுமா?