ஆறு பாத்தி தூரத்துக் குரல்

மேடையின் நடுவே வீற்றிருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட ஊராட்சி மன்றத் தலைவர் ஐயா பஞ்சநாதன் அவர்களே! இந்த மாசி வெயிலில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு முன்வரிசைக்கு வந்திருக்கும் உப்பளத்துத் தாய்மார்களே! கரிக்கும் காற்றையே காலமெல்லாம் மூச்சாக இழுத்த பெரியோர்களே! நன்றாக இருந்தால் கேட்போம், இல்லாவிட்டால் மிதிப்போம் என்று சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நிற்கும் இளைஞர்களே! வலது கோடி நாற்காலியில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் விழா நாயகி, குரல் கலைஞர் அனுஷியா அவர்களே! அவரைப் பெற்றெடுத்தும், மேடைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்துக் கீழேயே உட்கார்ந்துவிட்ட அந்தோணியம்மாள் அவர்களே! உங்கள் அனைவருக்கும், உப்பளத் தொழிலாளர் சங்கச் செயலாளர் சகாதேவனின் வணக்கம்.

நான் வாழ்த்த வரவில்லை. வியக்க வந்திருக்கிறேன். வியந்துவிட்டு, ஒரு தவற்றையும் ஒப்புக்கொண்டு போக வந்திருக்கிறேன்.

திரையிலே ஒரு பெண் வாயசைக்கிறாள். அந்தக் குரல் அவளுடையதா? பல நேரம் இல்லை! இருட்டறையில் நின்று வேறொருத்தி கொடுத்த குரல். அந்த டப்பிங் கலையில் சென்னையிலே ஏழாண்டு கொடிகட்டிப் பறந்தவர் நம் அனுஷியா. கதாநாயகிக்கா பேசினார்? இல்லை. சந்தையில் சண்டையிடும் பெண்ணுக்கு, குழாயடியில் குமுறும் பெண்ணுக்கு, கரையிலிருந்து படகைக் கூப்பிடும் பெண்ணுக்கு! திரையில் ஒருத்தி இடுப்பில் கைவைத்தால் போதுமாம், "மரக்காணத்துப் பொண்ணக் கூப்புடுப்பா" என்பார்களாம். என்ன மாயவா, கூட்டத்திலிருந்து குரல் கொடுக்கிறாய்? அவங்க அம்மா அதைவிடச் சத்தமா? அம்மா உனக்கு இரண்டு வரிசை முன்னால்தான் இருக்கிறார்கள், பார்த்துப் பேசு.

தொண்ணூற்றாறிலே திருமணமாகிப் பாரீசுக்குப் போனார். ஒன்பது ஆண்டுகள்! நம் தமிழ்ப் பிள்ளைகளுக்காக அங்கேயும் ஒலிநாடாக்களில் கதை சொன்னார். ஆனால் வாழ்ந்தது எங்கே? ஆறாவது மாடியில், அட்டைபோல் மெலிந்த சுவர்களுக்கு நடுவில். உரக்கச் சிரித்தால் கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாளாம். பேருந்தில் கைப்பேசியில் பேசினால் பத்துத் தலை திரும்புமாம். தட்டத் தட்டத் தணிந்தது குரல். திரும்பத் திரும்பச் சுருங்கியது சொல். ரகரம் நாக்கின் நுனியை விட்டுத் தொண்டைக்குள் இறங்கியது. வாக்கியத்தின் வால், அனுமதி கேட்பதுபோல மெல்ல மேலே எழுந்தது. யாராவது திருத்தினார்களா? திட்டினார்களா? ஒருவருமில்லை. நடந்தது அவருக்கே தெரியாது, ஐயா!

சுனாமி அலை வந்து போன அடுத்த கோடையில் தாயைப் பார்க்க வந்தார். அப்போதுதான் நம் ஊராட்சி மூன்று கம்பங்களில் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. தண்ணீர் வந்தால் ஊரை எழுப்ப ஒரு குரல் வேண்டும். வீட்டிலேயே குரல் கலைஞர் இருக்கும்போது வெளியே போவானேன்? புதுச்சேரியில் ஒலிப்பதிவு செய்தோம். வாசகம் நான் எழுதியதல்ல. நான் எழுதியிருந்தால் அது முடிவதற்குள் தண்ணீர் வந்திருக்கும்! சின்ன வாசகம்தான். "தண்ணி வருது. எல்லாத்தையும் போட்டுட்டு மேட்டுக்கு ஏறி வாங்க." அவ்வளவே.

ஒத்திகை நாள். காலை பத்து மணி. பாத்திகளில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினேன். வந்தது பாருங்கள் குரல், பட்டுத் துணியை விரிப்பதுபோல! அழகு என்றால் அழகு. யார் ஓடினார்கள்? ஒருவர்கூட ஓடவில்லை! டீக்கடையில் இந்த மாயவன் கேட்டான், "எந்த ஜவுளிக்கடை வெளம்பரம்டா இது?" சிரிக்காதீர்கள். அடுத்ததைக் கேட்டால் சிரிப்பு வராது.

வரப்போரம் அந்தோணியம்மாள் தலை நிமிராமல் வாரிக்கொண்டிருந்தார். அனுஷியா என் பக்கத்தில் நிற்கிறார். நான் கேட்டேன், "ஏம்மா, கூப்ட்டது காதுல வுழலியா?" அந்தத் தாய் சொன்னார், "வுழுந்துதுப்பா. யாரோ பெரிய எடத்துப் பொண்ணு யாருக்கோ சொல்லுதுன்னு இருந்துட்டேன்."

பெற்ற மகளின் குரல்! ஞாயிறுதோறும் தொலைபேசியில் கேட்கும் குரல்! மகள் என்று தெரிந்து கேட்டபோது தெரிந்தது. தெரியாமல் கேட்டபோது தெரியவில்லை. அனுஷியா அம்மாவின் கையிலிருந்த உப்பு வாரும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். நிஜமாகவே தண்ணீர் வந்திருந்தால், தன் குரலைக் கேட்டுக்கொண்டே தன் தாய் முழுகியிருப்பாள் என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது.

இப்போது என் தவறு. அன்று மாலைக் கூட்டத்தில், "இந்தப் பேச்சு நமக்கு ஒத்துவராது, மலர்கொடி டீச்சரைப் பேச வைப்போம்" என்று முன்மொழிந்தவன் யார்? தமிழ், தமிழ் என்று இருபது ஆண்டு தொண்டை கிழியப் பேசிய இந்தச் சகாதேவன்தான்! வந்த பெண்ணை வாசலோடு அனுப்பப் பார்த்தேன். அவர் கெஞ்சவில்லை. "பத்து நாள் குடுங்கண்ணே" என்றார்.

முதல் இரண்டு நாள் தன் பழைய ஒலிநாடாவைப் போட்டு, அந்தக் குரலைப் போலவே பேசி நடித்தார். அந்தோணியம்மாள் கேட்டுவிட்டு, "நாடகக்காரி மாதிரி இருக்குது" என்றார். மூன்றாம் நாள் விடியலில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாயோடு பாத்தியில் இறங்கினார். பாரீசில் பூட்சுக்குள் இருந்த பாதம், ஐயா! இரண்டே நாளில் வெடித்தது. உப்புத் தண்ணீர் வெடிப்பில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஆனாலும் ஏறவில்லை.

எட்டாம் நாள் என்னிடம் வந்து சொன்னார். நான் படித்த எந்த ஏட்டிலும் இல்லாத செய்தி அது. "பேச்சு நாக்குல இல்லண்ணே. எவ்ளோ தூரத்துல நிக்கிறவங்களுக்குப் பேசறோமோ, அந்தத் தூரத்துலதான் இருக்குது. அங்க நான் சாப்பாட்டு மேசைக்கு அந்தாண்ட இருக்கிறவருக்குத்தான் ஒம்போது வருசமாப் பேசினேன். இங்க எங்கம்மா ஆறு பாத்திக்கு அந்தாண்ட நிக்கிறாங்க."

அடடா! எண்ணிப் பாருங்கள். நாம் ஏன் கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிடுகிறோம்? முதல் எழுத்தைக் காற்று கொண்டுபோய்விடுகிறது. ஏன் சொல்லை வெட்டி வெட்டிப் பேசுகிறோம்? பலகையை இழுக்கும் இழுப்பில் பாதி மூச்சு போய்விடுகிறது. ஏன் பல்லைக் கடித்தபடி பேசுகிறோம்? உப்பின் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கிறது. நம் பேச்சை ஆக்கியது பள்ளிக்கூடமா? இல்லை! இந்த வெளி, இந்தக் காற்று, இந்த வேலை! ஐம்பது வயதுக்கு மேல் இதைத் தெரிந்துகொண்டு, என் வாயையே நான் வியந்துபோனேன்.

பத்தாம் நாள். பதிவு நிலையம் வேண்டாம் என்றார். வரப்பில் நின்றார். ஒலிப்பதிவுக் கருவியைப் பிடித்தவன் நான். ஆறு பாத்திக்கு அப்பால் அந்தோணியம்மாள் முதுகைக் காட்டி வாரிக்கொண்டிருக்கிறார். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. "அம்மான்னு ஒரு குரல் குடுத்தாத் திரும்பிடுவாங்களேம்மா?" என்றேன். "அது எங்கம்மா மட்டும் திரும்புறதுக்குண்ணே. ஊரே திரும்பணும்" என்றார். கூப்பிட்டார். அசைவில்லை. மறுபடி. இல்லை. ஐந்தாவதில் யாரோ ஒருத்தி தலையைத் தூக்கினாள். ஏழாவது!

"தண்ணி... வருதேய்! எல்லாத்தையும்... போட்டுட்டு... மேட்டுக்கு... ஏறி... வாங்க!"

பலகை விழுந்தது. அந்தோணியம்மாள் வரப்பில் நின்றார். ஏறிய பிறகுதான் யார் கூப்பிட்டது என்று திரும்பிப் பார்த்தார்! காது விசாரிக்கும் முன்னே கால் கீழ்ப்படிந்ததை இந்தக் கண்களால் கண்டேன்.

அது பழைய குரலா? இல்லை. உண்மையைச் சொல்கிறேன். நாம் கூப்பிட்டால் சொல்லும் சொல்லும் ஒட்டிக்கொள்ளும். அவர் கூப்பிட்டதில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, எண்ணி எடுக்கலாம்போல வந்து நின்றது. அது பாரீசு கொடுத்தது. மரக்காணத்து மூச்சு, பாரீசுத் தெளிவு. அயல்மண் எடுத்துக்கொண்டது என்று நாம் நினைத்தோம். அது கொடுத்தும் இருந்தது!

ஆவணியில் அனுஷியா திரும்பிப் போனார். கார்த்திகையில் அந்த மழை. உங்களுக்கு மறக்குமா? முப்பத்தெட்டுப் பெண்கள் உப்புக் குவியலுக்குக் கீற்று வேய்ந்துகொண்டிருந்தார்கள். காலை பதினோரு மணிக்குக் கழுவெளி ஏரிக் கரை உடைந்தது. தலைவர் ஓடிவந்து கத்தினார், நான் பொத்தானை அழுத்தினேன். மூன்று கம்பங்களும் ஒரே நேரத்தில் கூப்பிட்டன. முப்பத்தெட்டுப் பேரும் கீற்றைப் போட்டார்கள், ஓடினார்கள், சாலையில் ஏறினார்கள். கால் மணி நேரத்தில் அவர்கள் நின்ற இடத்தில் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர். எண்ணினோம். முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினோம். முப்பத்தெட்டு, தோழர்களே!

கடைசியாக ஏறியவர் அந்தோணியம்மாள். தலையெல்லாம் சேறு, மூச்சு வாங்குகிறது. கூட்டத்தை விலக்கி விலக்கி எதையோ தேடினார். பிறகு என் சட்டையைப் பிடித்துக் கேட்டார்.

"ஏம்பா சகாதேவா, எம்மவ எப்ப வந்தா? எங்க நிக்கிறா?"

மேடை மேடையாய்ப் பேசிய எனக்கு அன்று வாய் வரவில்லை. அது ஒலிநாடாம்மா, அனுஷியா பாரீசில், இன்னும் விடியாத பொழுதில், ஆறாவது மாடியில் தூங்குகிறார் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? அழுதுகொண்டு நின்றேன்.

மூன்று மாதமாகக் கடன்பட்ட அந்தப் பதிலை, தாயே, இந்த ஊர் கேட்க இன்று சொல்கிறேன். நேற்றுக் காலை வந்தாங்கம்மா. அதோ, வலது கோடி நாற்காலியில இருக்காங்க. எழுந்து மேடைக்கு ஏறி வந்து, நீங்களே இந்த ஒலிவாங்கிக்குக் கூட்டிக்கிட்டு வாங்க.

கேட்டிருந்த காதுகளுக்கும், அன்று ஓடிவந்த கால்களுக்கும், கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்ட தலைவருக்கும் நன்றி கூறி, வணக்கத்தோடு இந்த ஒலிவாங்கியை அனுஷியாவிடம் கொடுக்கிறேன்.