சிவப்பு டேப்

— பாத்து தம்பி, இழுக்கற இழுப்புல டைல்ஸ் பேந்துடப்போகுது.

— மாட்டினதே நான்தானேக்கா, கழட்டத் தெரியாதா? ஆனா சொல்றேன் கேளுங்க. இந்தக் காலனித் தண்ணிக்கு, சுண்ணாம்ப எடுக்கற இந்த மெஷின் இல்லாம முடியாது. பக்கத்து வீட்ல ஹீட்டரப் பிரிச்சேன். உள்ள தண்ணியக் காணோம், சுண்ணாம்புக் கட்டிதான் இருந்துச்சு.

— ஒத்த ஆளுக்கு என்னத்துக்குத் தம்பி மெஷினு? முடி கொட்டினா கொட்டிட்டுப் போகுது. என்னை இனி யார் பாக்கப்போறா?

— சார் தவறிப் போய் ரெண்டு மாசம் இருக்குமாக்கா?

— ஆறு வாரம். அந்த மூலையில அரை மூட்டை உப்பு கெடக்கு பாருங்க, அதையும் தூக்கிட்டுப் போயிடுங்க. மாசாமாசம் மெஷின்ல கொட்டிக் கொட்டி இடுப்பு போச்சு.

— அழுது தீத்துடுங்கக்கா. உள்ளயே வச்சிருக்கீங்க, மூஞ்சப் பாத்தாலே தெரியுது.

— அழுகை எங்க வருது? ஆத்திரம்தான் வருது. எனக்குத் துரோகம் பண்ணிட்டுப் போயிட்டாரு.

— அய்யய்யோ, சாரா?

— பொம்பள விஷயம் இல்ல தம்பி, முழிக்காதீங்க. உப்பு. ரத்தக் கொதிப்பு, கிட்னி பாதி போச்சு, உப்பை மறந்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒன்றரை வருஷம் உப்பில்லாம சமைச்சேன். நானும் அதையேதான் தின்னேன். உப்பு டப்பாவ பீரோவுல வச்சுப் பூட்டினேன். ஆனா ஒவ்வொரு தடவையும் டாக்டர் டெஸ்ட் பேப்பரப் பாத்துட்டு, "எங்கிருந்தோ உள்ள போகுதும்மா"ம்பாரு. கால் ரெண்டும் தூண் மாதிரி வீங்கிக் கெடக்கும்.

— வெளியில எங்கயாவது வாங்கித் தின்னிருப்பாரோ?

— வேற எப்படி? பால் வாங்கப் போறேன்னு கெளம்புவாரு. வந்ததும் சட்டைப் பைய மோந்து பாப்பேன். ஒண்ணும் இருக்காது. கேட்டா என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணுவாரு. கடைசில வெளியவே விடல, கதவப் பூட்டி சாவிய நான் வச்சுக்கிட்டேன். அப்பவும் வீக்கம் எறங்கல. வீட்டுக்குள்ளயே எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காருன்னு மெத்தையக் கூடக் கிழிச்சுப் பாத்தேன். அப்புறம் பேச்சே விட்டுட்டேன். மூணு மாசம்.

— ஒரே வீட்லயா?

— ஒரே கட்டில்ல. சரி, நீங்க வேலையப் பாருங்க.

— ஒரு நிமிஷம்க்கா. கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு தண்ணியையும் சோதிச்சு எழுதணும், ஆபீஸ்ல கேப்பாங்க. இது பாத்ரூம் தண்ணி. மருந்து விட்டா நீலம். சுண்ணாம்பு இல்லாத நல்ல மெதுத் தண்ணி. இப்ப சமையக்கட்டுத் தண்ணி, இது மெஷினுக்குப் போகாம நேரா வர்ற தண்ணி. சுண்ணாம்பு இருக்கறதால செவப்பாகும் பாருங்க.

— இதுவும் நீலமாத்தானே இருக்கு?

— பாட்டில மாத்தி எடுத்துட்டேன் போல. இருங்க, மறுபடி புடிக்கறேன்.

— இப்பவும் நீலம்தான்.

— அக்கா, இந்த சிங்குக்குக் கீழ ஒரு பைப்புல செவப்பு டேப் சுத்தியிருந்தேனே. எங்க அது?

— அதுவா? நீங்க மெஷின மாட்டிட்டுப் போன மறுவாரமே எடுத்தாச்சு. பாத்ரூம்ல கண்ணாடி மாதிரி தண்ணி வருது, இங்க மட்டும் பாத்திரம் பூரா வெள்ளை வெள்ளையா படியுது. குனிஞ்சு பாத்தா செவப்பு டேப். செவப்புன்னா கெட்ட தண்ணின்னு அடையாளம் வச்சிருக்கீங்கன்னு நெனச்சு, பிளம்பரக் கூப்பிட்டு அதையும் மெஷின்ல சேக்கச் சொல்லிட்டேன். பிளம்பரு கூட வேண்டாம்னுதான் சொன்னாரு, நான்தான் விடல.

— செவப்புன்னா தொடாதீங்கன்னு அர்த்தம்க்கா. நான் போற எல்லா வீட்லயும் குடிக்கற பைப்புக்கு அப்படித்தான் சுத்துவேன்.

— ஏன், இந்தத் தண்ணியக் குடிச்சா என்ன? காய்ச்சித்தானே குடிச்சோம்.

— நீங்க குடிக்கலாம். நான் குடிக்கலாம்.

— பாதியில நிறுத்தாதீங்க தம்பி.

— அந்த மெஷின் சுண்ணாம்ப எடுத்துட்டு அந்த எடத்துல உப்புச் சத்த விடும்க்கா. கொஞ்சம் கொஞ்சமா. நாக்குக்குத் தெரியாது. காய்ச்சினாலும் போகாது. இங்க சுண்ணாம்பு ரொம்ப ஜாஸ்தி, அதுக்கேத்த மாதிரி அதுவும் ஜாஸ்தி. அன்னிக்கே நான் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். அப்ப வீட்ல யாருக்கும் நோவு இல்லையேன்னு டேப்ப மட்டும் சுத்திட்டுப் போயிட்டேன். என் தப்புக்கா.

— அந்த மூட்டை உப்பு மெஷினுக்குன்னுதானே நெனச்சேன்.

— இதனாலதான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. சொல்றேன் கேளுங்க, டாக்டரையே ஒரு வார்த்தை...

— சூப்பு, சோறு, மாத்திரைக்குத் தண்ணி. எல்லாம் இந்தக் குழாய்தான்.

— உக்காருங்கக்கா. தண்ணி... இருங்க, வண்டியில என் பாட்டில் இருக்கு, எடுத்துட்டு வர்றேன்.

— வேண்டாம் தம்பி. கடைசி நாள் அவரா பேசினாரு. "உன் கையால குடுத்ததத் தவிர நான் எதையும் வாயில வைக்கலடி, இதையாவது நம்பு"ன்னாரு. இந்தக் குழாயில ஒரு சொம்பு புடிச்சு தலமாட்டுல வச்சிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.