குறுக்கே அளந்த படம்

உங்கள் மேசையின் ஒரு கால் சற்றுக் குட்டை. நீங்கள் வருவதற்குள் அட்டைத் துண்டொன்றை மடித்து அடியில் வைத்துவிட்டேன், இனி ஆடாது.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்காந்த அலைகளை நிலத்துக்குள் செலுத்தி, அது தரும் மறுமொழியைக் கொண்டு, தோண்டாமலே உள்ளே இருப்பதைப் படமாக வரைவேன். மலையைக் குடைபவர்களுக்கு அந்தப் படம்தான் கண். ஆனால் ஈரக் களிமண்ணிலும் நீர் நிறைந்த பாறைப் பிளவிலும் மின்சாரம் ஒன்றுபோலவே எளிதாகப் பாயும். ஆகவே நெடுக ஒரு முறை, குறுக்கே ஒரு முறை அளக்க வேண்டும். சாதுவான நிலத்தில் இரண்டும் ஒத்துப்போகும். சிக்கலான நிலத்தில் ஒத்துப்போவதில்லை.

ஆற்றில் கிடந்த ஒன்றை இரண்டு நாரைகள் பார்த்தன. பக்கவாட்டில் நின்ற நாரை அதை மரக்கட்டை என்றது. எதிரே நின்ற நாரை பற்களைப் பார்த்தது. முதல் நாரை பொய் சொல்லவில்லை. அது நின்ற இடம் அப்படி.

சுரங்கப்பாதை வேலைக்குத் தலைமைப் பொறியாளர் என் அக்காள் கணவர். சாப்பாட்டு மேசையில் என்னைச் சீண்டுவது அவருக்குத் தொடுகறி மாதிரி.

"என்ன மாப்ள, பூமிக்குக் காய்ச்சல் பாத்தாச்சா?"

"இன்னும் குறுக்கே அளக்கணும் அத்தான்."

"ஒரு கேள்விக்கு ரெண்டு பதில் எழுதுற பையன்னு உங்க அக்கா அப்பவே சொன்னா. எனக்கு ஒரே படம் குடு, போதும்."

அக்காளும் சிரித்தாள். எல்லோரும் நிறுத்திய பிறகும் சிரித்தாள்.

மறுநாள் குறுக்கே அளந்தேன். செங்குத்தான பிளவு, மலை உச்சிவரை நீர். ஐயத்துக்கு இடமே இல்லை. நெடுக அளந்த படத்தில் அதே இடம் கிடையான களிமண் அடுக்காகத் தெரிந்தது. அவர் ஒரு படம் கேட்டார். களிமண் படத்தைக் கொடுத்தேன். அதில் ஒரு கோடும் பொய்யில்லை.

குடைவு பிளவை நெருங்கிய காலையில் வாயிலருகே நின்றிருந்தேன். உள்ளே போன வெல்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், இன்னைக்கு வெறும் களிமண்ணுதானே? சீக்கிரம் முடிச்சிரலாம்."

"படத்துல அப்படித்தான் இருக்கு" என்றேன்.

பிறகு அத்தானைத் தொலைபேசியில் அழைத்து, அக்காளுக்கு நெஞ்சு வலி என்று சொல்லி வெளியே வரவழைத்தேன். உள்ளே இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். நீர் உடைத்துக்கொண்டு வந்த ஓசை பெரிதாக இல்லை. தொலைவில் யாரோ கதவைச் சாத்தியது போலிருந்தது.

மண்ணில் உட்கார்ந்துவிட்ட அத்தானின் முன் இரண்டாவது படத்தை விரித்தேன். பிளவை விரலால் தொட்டுக் காட்டி, நிதானமாக விளக்கினேன். முதன்முறையாக, நான் முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை.

அந்த ஒன்பது பேர் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்கள். ஒன்றும் செய்யவில்லை. நல்ல மனிதர்கள், எனக்கு அவர்கள்மீது எந்த வருத்தமும் கிடையாது. ஆனால் படத்தை மட்டும் காட்டியிருந்தால் அத்தான் மறுபடி சிரித்திருப்பார். ஆம், நீர் வரும் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். புரிந்துகொள்ள வேண்டியவர் உயிரோடிருக்க வேண்டும் என்பதற்காகவே அவரை வெளியே அழைத்தேன்.

என் வாக்குமூலத்தில் நீங்கள் ஒன்பது பேரைப் பற்றி மட்டுமே எழுதுகிறீர்கள். ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன் ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேசை ஆடாது.